பாடிக்கொண்டே அடித்த பெனால்டி

தான் பெனால்டி அடித்தால் கோல்போஸ்டே கும்பிடும் என்று சொல்லிக்கொள்கிறவர் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றின் ஃபுட்பால் கோச் அருமைராஜ். அவர் முன்னால் போய் நின்றாள் முத்துப்பேச்சி. அவளுடைய கபடி டீமைக் கலைத்துவிட்டார்கள். வேறு டீமில் சேராவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் போய்விடும்.

"கோல்கீப்பரா நிக்கேன் சார்."

"மண்ணுல புரண்டவளுக்கு கோல்போஸ்டா? நான் அடிக்கிற பெனால்டியைத் தடு, சேர்த்துக்கிடுதேன். விட்டா மூட்டையைக் கட்டு."

"சரி சார். நான் உங்க ஆட்டத்துக்கு வாறேன். எங்க ஆட்டத்துல இருந்து ஒரே ஒரு சட்டம் மட்டும் வரட்டும். ஏறி வாறவங்க கபடி பாடிக்கிட்டே வரணும். பந்தை அடிக்கும்போது பாட்டு அறுந்தா அவுட்."

பாடுவது ஒரு பெரிய காரியமா என்று கோச் தலையாட்டினார். மைதானமே கூடிவிட்டது.

"கபடி கபடி கபடி" என்று ஓடிவந்தார். முழு பலத்தோடு காலை வீசியதும் வாயிலிருந்து "ஹக்" என்ற சத்தம்தான் வந்தது. பந்து வலைக்குள் பாய்ந்தது. முத்துப்பேச்சி அசையவே இல்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

"பாட்டு அறுந்துட்டு சார். அவுட்."

கோச் பந்தை மறுபடியும் எடுத்துவந்து வைத்தார். "இன்னொரு தடவை," என்றார்.

"அடிங்க சார்."

இந்தத் தடவை பாட்டை விடவில்லை. பலம்தான் காலுக்குப் போகவில்லை. பந்து பூனைக்குட்டி மாதிரி வந்து அவள் காலடியில் நின்றது. ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டாள்.

டீமே கைதட்டியது. கோச் மட்டும் நிறுத்த மறந்து "கபடி கபடி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"போதும் சார், மூச்சை விடுங்க," என்றாள் முத்துப்பேச்சி. "கிளவுஸ் எங்க இருக்கு?"