கவுக்காத பரிசல்

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரரு வசமா மாட்டிக்கிட்டாரு. பேரு மாரப்பன். அன்னிக்கு ஓட்டு நாள். ஓட்டுப்பெட்டி அக்கரைப் பள்ளிக்கூடத்துல. பாலம் கிடையாது. தேர்தல்ல நிக்கிற பண்ணாடி, ஊரு நிலமெல்லாம் அவருதுதான், காலங்காத்தால வந்து, "மாரப்பா, பரிசலைக் கரையில கவுத்துப் போடு. வெள்ளம்னு சொல்லிரு. இக்கரைச் சனம் எனக்கு ஓட்டுப் போடாது. மீறினா நாளைக்குப் பரிசல் துறை உனக்கில்லை"ன்னுட்டுப் போயிட்டாரு. இவரும் மண்டைய மண்டைய ஆட்டிட்டாரு. அதான் தப்பு.

டேய், ம் கொட்டு.

ம்.

அந்த ஊர் வழக்கம் என்னன்னா, கவுத்த பரிசலைப் பரிசல்காரரைத் தவிர யாரும் நிமித்த மாட்டாங்க. ஆத்து அம்மன் இன்னிக்கு வேண்டாம்னுட்டான்னு பேசாம திரும்பிப் போயிடுவாங்க.

அப்போ கலகலன்னு சத்தம். சனமே வருது. எண்ணெய் வெச்ச தலை, தொவச்ச சேலை, நோம்பி திருவிழா மாதிரி. முன்னாடி பாவாயிக் கிழவி.

"ஏறலாமா மாரப்பா?"

"வெள்ளமுங்க, பெரியம்மா."

பாவாயி ஆத்தைப் பாத்தா. "ஆட்டுக்குட்டி எறங்கித் தண்ணி குடிக்குது. உனக்கு மட்டும் வெள்ளமா?"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. மாரப்பன் கை பரிசல் விளிம்புல. கவுத்தா பொழப்பு தப்பிக்கும். கவுக்கலைன்னா அடுப்பு எரியாது. "கவுத்துப் போடுறா!"ன்னு பண்ணாடியோட ஆளு மேட்டுல நின்னு கத்தறான்.

"ஏறுங்க"ன்னாரு மாரப்பன்.

சளக் சளக்னு மொத நடை போச்சு. அப்புறம் ரெண்டாவது நடை. நடு ஆத்துல துடுப்பு படக்குனு ஒடஞ்சு போச்சு! பரிசல் கிர்ர்ர்ருனு சுத்துது. பொம்பளைங்க கையாலயே தண்ணியத் தள்ளிக் கரை சேத்தாங்க. அப்புறம் மூங்கில் ஒண்ணை வெட்டி வெச்சு மூணாவது நடை. எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டு, பாவாயி அதுலதான் வந்தா. மணி அஞ்சாகப் போவுது.

"நீ வரலியா?"

"பரிசலைப் பாத்துக்கணுமுங்க."

"பரிசலுக்கா ஓட்டு? வாடா!"

கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடினா. வரிசையில கடைசி ஆளு மாரப்பன். டாண்னு அஞ்சு. அதுக்குள்ள வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் சீட்டுக் குடுத்து, ஓட்டுப் போட விட்டாங்க.

ம். பண்ணாடி தோத்துட்டாரா?

இல்லடா, ஜெயிச்சாரு. கதைன்னா எல்லாம் நல்லதாவா நடக்கும்? மாரப்பனுக்குத் துறையும் போச்சு, கல்லு ஒடைக்கப் போனாரு. ஆனா பண்ணாடி ஜெயிச்சது வெறும் முப்பது ஓட்டுல. அடுத்த தேர்தலுக்குப் பாவாயி வாசல்ல வந்து, செருப்பைக் கழட்டிட்டு நின்னு ஓட்டுக் கேட்டாரு.

இப்போ அங்க பாலம் இருக்கு. ஆத்துல தண்ணியும் இல்லை, பரிசலும் இல்லை. நடந்தா அஞ்சு நிமிஷம். அதுக்கே நம்ம சித்தப்பா ஓட்டு நாள் அன்னிக்கு லீவுன்னு இழுத்துப் போத்திப் படுத்துக்குவாரு. மாரப்பன் கிழவனானப்புறமும் அந்தக் கரையில உக்காந்து, மை வெச்ச விரலைத் தடவிப் பாத்துக்குவாராம். மை போயி எத்தனையோ வருசம்.

கதை கரை சேந்துருச்சு, கண்ணை மூடு. என்னது, மாரப்பன் என்ன பண்ணாருன்னு மறந்துட்டியா? பரிசலைக் கவுத்துப் போடுன்னாங்கடா. அவரு கவுக்கலை.