வக்கீல் கோட்டுக்குள் ஒரு மீன்

பாளையங்கோட்டையில் எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். மருந்துக் கவுண்டரில் தேவசகாயம் அண்ணாச்சி, ஊசி போட ரொசாலி அக்கா, டோக்கன் கொடுக்க நான். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது டாக்டரம்மாவிடம் இருந்தது. அந்த வாரம் டாக்டரம்மா, போட வேண்டிய ஊசிகளை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாநாட்டுக்காக டெல்லிக்குப் போயிருந்தார்.

போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் காத்திருக்கும் அறையில் ஒரு கடல்மீன் தொட்டியை வாங்கி வைத்திருந்தார். உப்புத் தண்ணீர், நாலைந்து பவளக்கல், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஒரு மீன். அந்த மீன் வந்த பிறகு பிள்ளைகள் ஊசிக்கு அழுகிற சத்தம் பாதியாகிவிட்டது. ரொசாலி அக்கா அதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னுடையது. நான் எம்.எஸ்ஸி. விலங்கியல். கல்லூரியில் மீனை அறுத்துப் பார்த்திருக்கிறேன். உயிரோடு வைத்துக்கொள்வது பாடத்திட்டத்தில் இல்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னது இரண்டே விஷயம். பிள்ளைகள் வரும் நேரத்தில் தொட்டி விளக்கு எரிய வேண்டும். மீனுக்குச் சாப்பாடு ஒரு சிட்டிகைதான் போட வேண்டும். பிள்ளைகளுக்கு எந்த நேரத்தில் காய்ச்சல் வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் விளக்கை நாங்கள் அணைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட பூட்டிய அறைக்குள் எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டிலும் சொல் தவறவில்லை. அண்ணாச்சி ஒரு சிட்டிகை, அக்கா ஒரு சிட்டிகை, நான் ஒரு சிட்டிகை, அழாமல் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் பரிசாக ஆளுக்கு ஒரு சிட்டிகை. யாருமே இரண்டு சிட்டிகை போடவில்லை.

ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் தொட்டி முழுக்க வல்லாரைச் சாறு. மீன் இருக்கிற இடம் தெரியவில்லை. எப்போதாவது ஒரு வெள்ளைப் பட்டை கண்ணாடி ஓரம் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும்.

டாக்டரம்மாவிடம் போனில் பேசுவது என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் போனை வைத்த பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். மறுபடி கூப்பிட வெட்கமாக இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான்.

"பாசிதான் வடிவு, புதுத் தொட்டின்னா வரும்" என்றார். "கொஞ்சம் தண்ணிய எடுத்துட்டு, உப்புக் கரைச்ச புதுத் தண்ணிய பையப் பைய ஊத்து. திங்கக்கிழமை நான் வரும்போது தெளியலன்னா மீனை எதுத்தாப்புல பல் டாக்டர்ட்ட குடுத்துருவேன். அவர் கேட்டுட்டே இருக்காரு. உங்களால அதப் பாத்துக்க முடியாது."

"சரி மேடம்" என்றேன். முடியாது என்றதற்கும் சேர்த்துத்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பல்லப் புடுங்குத இடத்துக்கா நம்ம புள்ள போகணும்?" என்றார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் வேலை ஆரம்பமாகிறது என்று அர்த்தம்.

முதலில் உப்பு. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிற கருவி ஒன்று தொட்டியோடு வந்திருந்தது. புதுசு என்பதால் நாங்கள் பெட்டியைப் பிரிக்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அண்ணாச்சிக்குப் பிரஷர், உப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டுப் பழகியவர். ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "கைச்சுல்லா போச்சு, தண்ணிய ஊத்து" என்றார். அக்கா மணப்பாட்டுக் கடற்கரைக்காரர், கருவாட்டிலேயே வளர்ந்தவர். ஒரு மடக்கு குடித்துப் பார்த்து, "சப்புன்னு இருக்கு, உப்பப் போடு" என்றார். இருவரும் பொய் சொல்லாதவர்கள். அவர் சொன்னபோது தண்ணீரும் இவர் சொன்னபோது உப்பும் போட்டேன். ஒரு வாளியில் தொடங்கியது பொழுது ஏற ஏற வராந்தா வரைக்கும் வாளிகளாக நின்றது.

தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை எடுத்துக் கொட்டினோம். புதுத் தண்ணீரை ஊற்றப் போனவளை அக்கா தடுத்தார்.

"ஏ பிள்ள, புது மருந்து. டெஸ்ட் டோஸ் போடாம ஏத்துவாங்களா?"

எங்கள் ஆஸ்பத்திரியில் டெஸ்ட் டோஸ் போடாமல் எந்தப் புது ஊசியும் ஏறியதில்லை. அக்கா மிகச் சின்ன சிரிஞ்சில் ஒரு துளி உப்புத் தண்ணீரை எடுத்து, கண்ணாடியைப் பஞ்சால் துடைத்து, தொட்டிக்குள் விட்டார். விட்ட இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் குறித்தேன். தடிக்கிறதா, சிவக்கிறதா என்று அரை மணி நேரம் மூன்று பேரும் பார்த்தோம். பச்சையாகத்தான் இருந்தது.

"அலர்ஜி இல்ல" என்றார் அண்ணாச்சி. "ஆனா பையப் பைய ஊத்தச் சொல்லியிருக்காங்க. எவ்வளவு பைய?"

"நமக்குத் தெரிஞ்சதுலயே பையன்னா டிரிப்ஸ்தான்" என்றேன். படித்த பெண் சொல்கிறாள் என்று இருவரும் தலையாட்டினார்கள்.

ஸ்டாண்டைக் கொண்டுவந்து தொட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றினோம். சொட்டுச் சொட்டாக இறங்கியது. டோக்கனோடு வந்த அம்மாக்கள் தொட்டிக்கு என்ன செய்கிறது என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். ஒரு அம்மா ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி சாத்துகிற வேளைக்கு ஒரு டம்ளர் அளவு உள்ளே போயிருந்தது. வல்லாரைச் சாறு அப்படியே இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து "டிரிப்ஸ்" என்ற இடத்துக்கு வந்ததும் "போதும்" என்றார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எதையும் செய்யாதே. சாப்பாடு போடாதே. விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிடு. மேலே காற்றுக்கு மட்டும் இடம் விடு. நான் வருகிறவரைக்கும் உள்ளே பொட்டு வெளிச்சம் போகக் கூடாது.

கறுப்புத் துணிக்கு அண்ணாச்சி மருமகனின் வக்கீல் கோட்டு வந்தது. தொட்டியின் மேல் போர்த்தி, வெள்ளைக் கழுத்துப் பட்டையையும் கட்டிவிட்டோம். அது இல்லாமல் கோட்டு நிற்கவில்லை. பார்ப்பதற்கு வாய்தா வாங்க வந்து உட்கார்ந்திருக்கிற வக்கீல் மாதிரியே இருந்தது.

"இருட்டா இருக்கான்னு எப்பிடித் தெரியும்?" என்றார் அக்கா.

நியாயமான கேள்வி. அண்ணாச்சி டார்ச்சை எடுத்து, கோட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி, உள்ளே அடித்துப் பார்த்தார்.

"வெளிச்சம் இருக்கு" என்றார் கவலையோடு.

கோட்டுக்கு மேல் அக்காவின் கறுப்புப் போர்வையைப் போட்டோம். மறுபடி டார்ச் அடித்தார். அப்போதும் வெளிச்சம் இருந்தது. என் குடையை விரித்துச் சாத்தினோம். குறையவில்லை. மறைப்பு கூடக் கூட உள்ளே வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. எங்கிருந்துதான் வருகிறது என்று அண்ணாச்சி டார்ச்சைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு மூலையாகத் தேடினார். எனக்கு அழுகை முட்டியது. திங்கட்கிழமை பல் டாக்டர் வாளியோடு வந்து நிற்பது கண்ணிலேயே தெரிந்தது.

நல்ல வேளை, அன்று மாலையில் டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது. அண்ணாச்சி தலையை உள்ளே விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"வடிவு, இப்பதான் நல்ல இருட்டு. இனி ஒருத்தரும் தொடப்பிடாது."

அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. அண்ணாச்சி மட்டும் காலையும் மாலையும் அதே டார்ச்சை அடித்துப் பார்த்து, இருட்டு குறையவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில், டாக்டரம்மா வருவதற்கு முன்னால் குடையை மடக்கி, போர்வையை எடுத்து, கோட்டைக் கழற்றினோம். பச்சை இல்லை. பச்சை மட்டுமா? தொட்டியில் எதுவுமே இல்லை. பவளக்கல் இருந்தது. அதற்கு மேலே, பின்சுவரில் தொங்கிய காலண்டருக்கு முன்னால், மீன் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"தண்ணியக் காணோமே" என்றார் அக்கா, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு.

"இருட்டுல எவனோ எடுத்துட்டான்" என்றார் அண்ணாச்சி. "மீனு பாவம், இல்லாமலே பழகிட்டு."

என் ஐந்து வருஷப் படிப்பு உதவியது அந்த ஒரு தருணத்தில்தான். "அண்ணாச்சி, மீன் தண்ணி இல்லாம உயிரோட இருக்காது. செவுள் இருக்குல்லா, அதுக்குத் தண்ணி வேணும். உடனே ஊத்தணும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வராந்தாவில் வாளிகள் தயாராக நின்றன. ஒன்றைத் தூக்கி ஊற்றினோம். ஊற்றிய வேகத்தில் தண்ணீர் முழுவதும் தரைக்கு வந்துவிட்டது. இன்னொன்றை ஊற்றினோம். அதுவும் வந்துவிட்டது. செருப்பு விடும் இடத்திலிருந்து செருப்புகள் கிளம்பி வாசல் பக்கம் மிதந்து போயின.

அண்ணாச்சி குனிந்து தொட்டியின் நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் மெதுவாக. "ஓட்டை மேல இருக்கு. எம்மாம் பெரிசு பாருங்க. தொட்டி அளவுக்கே இருக்கு."

அதை எதை வைத்து அடைப்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா உள்ளே வந்தார். சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மீன் கண்ணாடி ஓரம் வந்து அவரைப் பார்த்தது. டாக்டரம்மா திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நான் நம்பவே இல்ல வடிவு. பளிங்கு மாதிரி தெளிஞ்சிருக்கு. மீன் இங்கயே இருக்கட்டும்." பிறகு தரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கேள்வி கேட்கும் எண்ணத்தை விட்டுவிட்டார். "நீங்க இந்த மூணு நாள் எப்படிப் பாத்துக்கிட்டீங்களோ, அப்படியே பாத்துக்கங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார்.

"சரி மேடம்" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி கோட்டை உதறி எடுத்துவந்தார். நான் கழுத்துப் பட்டையைக் கட்டினேன். போர்வையைப் போட்டு, குடையை விரித்துச் சாத்தியபோது முதல் டோக்கன் உள்ளே வந்தது. ஊசி போட வந்த சின்னப் பெண். மீன் எங்கே என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டை லேசாக விலக்கி, பேட்டரி இல்லாத டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினேன்.

"தெரியுதா?" என்றேன்.

"ஒண்ணுமே தெரியல" என்றாள்.

"அப்போ நல்லா இருக்கு" என்றேன்.