எட்டு அடி தூரம்

மலை மடத்துக்கு எழுத்தாளர் திருமேனி வந்தபோது அவர் தோளில் ஒரு துணிமூட்டை இருந்தது. உள்ளே எழுநூறு தாள்கள். அவர் எழுதிவரும் பழிவாங்கும் கதையின் மூன்றாம் பாகம், கடைசிப் பாகம். கடைசி அத்தியாயம் மட்டும் அதில் இல்லை.

மடத்தின் குரு மெய்யம்மை. திருமேனியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சமையல்காரர் அடைக்கலம்.

"வாங்க ஐயா," என்றார் அடைக்கலம். "கோளரி செத்தானா இல்லையா? ரெண்டாம் பாகம் படிச்சு நாலு வருஷம் ஆச்சு. எனக்குப் பல்லு ரெண்டு போயிடுச்சு. அவன் இன்னும் போகலையே."

"சாகலை."

"அட!"

திருமேனி மூட்டையைக் குருவின் முன் வைத்தார். "அம்மா, இதை எப்படி முடிக்கிறது?"

"முதல்ல கதையைச் சொல்லுங்க. நான் படிச்சதில்லை. புத்தகத்தை இவர் கையைவிட்டுக் குடுத்தால்தானே."

திருமேனி சொன்னார். வேங்கன் என்றொரு படைவீரன். அவன் மனைவி ஆதினியை மூன்று பேர் கொன்றார்கள். அந்த நாட்டில் கொலையுண்டவரின் நிழல் பழிவாங்குபவரோடு சேர்ந்துகொள்ளும். கடைசிக் கொலையாளி விழும் நாளில் அது பிரிந்து போய்விடும். முதல் பாகத்தில் ஒருவன் விழுந்தான். இரண்டாம் பாகத்தில் இன்னொருவன். மிச்சம் இருப்பவன் அரசன் கோளரி.

"நிழல் பேசுமா?"

"பேசும். வேங்கன் காதுக்கு மட்டும்."

"பேசுறதாவது! திட்டும்மா," என்றார் அடைக்கலம். "ரத்தக் கையோட சோத்துக்கு உக்காராதீங்க, கழுவிட்டு வாங்கன்னு. பத்துப் பேரை வெட்டிச் சாய்ச்சவன், அப்படியே எழுந்து போய்க் கழுவுறான்."

மெய்யம்மை சிரித்தார். "இது யார் பேச்சு?"

திருமேனி ஒரு மொச்சையை எடுத்து உரித்தார். பருப்பைக் கிண்ணத்தில் போட்டார்.

"வடிவு பேச்சு."

வடிவு அவர் மனைவி. முதல் பாகத்தின் ஒவ்வொரு தாளையும் அவள்தான் முதலில் படித்தாள். "என்னைக் கொன்னாத்தான் உங்களுக்குக் கதையே நகருது," என்று கேலி செய்தாள். இரண்டாம் பாகம் அச்சாகி வந்த மாதம் காய்ச்சலில் படுத்தாள். பிறகு எழவில்லை.

மெய்யம்மை மூட்டையை அவிழ்த்தார். தாள்களைப் புரட்டவில்லை.

"கோளரி இப்ப எப்படி இருக்கான்?"

"கிழவன் ஆயிட்டான். கண் போயிடுச்சு. காவல்காரங்களும் ஓடிட்டாங்க."

"வேங்கன்?"

"எதிர்ல நிக்கிறான். கையில வாளோட."

"எவ்வளவு தூரம்?"

"எட்டு அடி."

"எந்தப் பக்கத்துல வந்து நின்னான்?"

திருமேனி தயங்கினார். "பதினோராம் பக்கத்துல."

"அப்ப மீதிப் பக்கமெல்லாம் என்னய்யா பண்ணினான்?" என்றார் அடைக்கலம்.

"மழை பெஞ்சுது. பாலம் உடைஞ்சுது."

"அரண்மனைக்குள்ள ஏதுய்யா பாலம்?"

"வச்சேன். அப்புறம் வேங்கனுக்கு ஒரு கனவு. அது நூத்தி இருபது பக்கம்."

அடைக்கலம் வாய்விட்டுச் சிரித்தார். குரு சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"போன ஆடியில ஒருநாள் கோளரியைக் கொன்னுட்டேம்மா," என்றார் திருமேனி. "அரைப் பக்கம்தான். கஷ்டமே இல்லை. எழுதிட்டுத் தலையைத் தூக்கினா வீடு காலியா இருந்துச்சு. நாலு வருஷமாக் காலியாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தாளைக் கிழிச்சுட்டேன்."

"கிழிச்சதும்?"

"உடனே திட்டினா. நல்ல தாளை ஏன் வீணாக்குறீங்கன்னு."

அடைக்கலம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"தினம் ஒரு பக்கம் எழுதுறேன். குடை எடுத்தீங்களான்னு கேப்பா. எழுதிக்குவேன். அவ சேலையெல்லாம் பீரோவுல அப்படியே இருக்கு. அதுல அவ குரல் இல்லை. இதுல இருக்கு. கோளரி விழுந்தா இதுவும் போயிடும். நான் எழுதுறது கதைதானா, இல்லை அவளைப் போகவிடாமப் பிடிச்சு வச்சிருக்கேனான்னு எனக்கே தெரியலை."

"விதியை மாத்திடலாமே. நிழல் போகாதுன்னு எழுதிட்டாப் போச்சு."

"அவ படிச்சுச் சரின்னு சொன்ன விதி. மாத்த மனசு வரலை."

மெய்யம்மை கேட்டார்.

"வேங்கன் எட்டு அடியில நிக்கிறான். ஆதினி எங்கே?"

"அவன் இடப்பக்கம்."

"நிக்கிறாங்களா?"

"ஆமா."

"பதினோராம் பக்கத்துலேருந்தா?"

"ஆமாம்மா."

"ஒரு மணையைப் போட்டு உக்கார வைக்கலாமே."

"முடியாது. பழி தீர்ற வரைக்கும் நிழல் உக்காரக் கூடாது. அதுவும் அந்த விதியிலதான் வருது."

"படுக்கலாமா?"

"கூடாது."

மெய்யம்மை தாள்களை ஓரம் தட்டி அடுக்கினார். துணியை இழுத்து முடிந்தார். மூட்டையைத் தூக்கித் திருமேனியின் மடியில் வைத்தார்.

"வடிவுக்குக் கால் வலிக்குமே, ஐயா," என்றார்.