செத்த நாய்களுக்கும் கூழ் வைத்த குருவம்மையார்

கரிசல் காட்டின் தென்கோடியில் மருதங்கிணறு என்றொரு பாளையம் இருந்தது. அங்கிருந்த பாளையக்காரர் அரண்மனையின் நாய்ப்பட்டியைக் கூட்டிப் பெருக்கி, கம்பங்கூழ் காய்ச்சி, வேட்டை நாய்களைப் பேணிவந்தவர் குருவம்மையார். காட்டுப்பன்றி கிழித்துக் கணவர் மாண்டபின் அவருக்கு வேறு உறவில்லை. நாள்தோறும் மோர்விட்டுப் பிசைந்த கூழில் ஓர் உருண்டையைக் காட்டோரப் பாழ்ங்கோயிலில் நிற்கும் பைரவர் திருவடியில் வைப்பார். "உன் பிள்ளைகளுக்குப் பசியாத்தப் போறேன், உத்தரவு குடு" என்று கேட்டபிறகே பட்டிக்குத் திரும்புவார்.

அவை கன்னி நாய்கள். கரிய மேனி, செம்பழுப்புக் கால்கள், கண்களுக்கு மேலே பொட்டு வைத்தாற்போல இரு புள்ளிகள். மணப்பெண்ணோடு சீதனமாக அனுப்பும் வழக்கத்தால் அந்தப் பெயர் வந்ததென்பார்கள். பாளையக்காரரின் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்தபோதே உடன் வந்த வம்சம் அது. முயலைக் கண்ணால் கண்டுவிட்டால் புழுதி எழும் முன்னே பாய்ந்துவிடும். ஆனால் வீட்டில் ஒருவர் குரலை உயர்த்தினால் கூசி ஒதுங்கிவிடும். அடித்து வளர்க்க முடியாத சாதி. பழகாத கையிலிருந்து உண்ணாது. சதைப்பற்றில்லாத அந்த உடம்புகளுக்கு அம்மையார் வேப்பெண்ணெய் தடவி உண்ணி எடுப்பார். மார்கழியில் சாக்குப் போர்த்திவிடுவார்.

ஒரு கோடையில் பட்டியில் நோய் விழுந்தது. நாய்கள் வாயில் நுரை தள்ளி, கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. பாளையக்காரர் வீரபொம்முவின் உயிருக்குயிரான நாய் கருவாலியும் போயிற்று. அதை அவரே தம் கையால் குழிதோண்டிப் புதைத்தார்.

நோய் தணிந்தபின் ஒரு நண்பகலில் அம்மையார் மிஞ்சிய நாய்களுக்குக் கூழ் வைத்துக்கொண்டிருந்தார். செத்த நாய்களைக் கட்டியிருந்த வெறும் முளைக்குச்சிகளின் பக்கமிருந்து ஓடிக் களைத்த நாயின் இளைப்புக் கேட்டது. அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய புறங்கையை ஈரமான நாக்கு ஒன்று நக்கியது. அது ஆலங்கட்டி போல் குளிர்ந்திருந்தது. அம்மையார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. செத்த நாய்களின் சட்டிகளை மீண்டும் எடுத்து வைத்துக் கூழ் ஊற்றினார். நிழல் சாய்வதற்குள் சட்டிகள் துடைத்தாற்போலக் காலியாகியிருந்தன.

"கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, வெறுந்தரைக்குச் சோறு போடுறா" என்று காவலாளிகள் சிரித்தார்கள். பின்னர் அவர்களே அந்த இளைப்பொலியைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செய்தி அரண்மனைக்குப் போயிற்று.

"ஏ குருவம்மா, பேய்க்குச் சோறு வைக்கிறத இன்னையோட நிப்பாட்டு" என்றார் வீரபொம்மு.

"பசிச்சு வருதுக மகராசா. உசுரு இருக்கா இல்லையான்னு நான் பாக்கல."

அவரை அன்றே பட்டியிலிருந்து விரட்டினார்கள். அம்மையார் யாரையும் நொந்துகொள்ளாமல் பாழ்ங்கோயிலில் போய்த் தங்கினார். களத்தில் சிந்திய கம்பைப் பொறுக்கிக் கூழ் காய்ச்சினார். பட்டியிலோ புதிய ஆள் வைத்த உணவை நாய்கள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலா எலும்புகள் தெரிய வற்றின. ஓடவிட்டால் பசி எடுக்கும் என்று எண்ணிய வீரபொம்மு, அவற்றை வேட்டைக்கு ஓட்டிச் சென்றார்.

காட்டு விளிம்பில் முயல் குறுக்கே ஓடியது. ஒரு நாயும் அசையவில்லை. எல்லாம் ஒரே திசையில் தலை திருப்பின. பிறகு சத்தமின்றிக் கோயிலை நோக்கி ஓடின. பின்தொடர்ந்த வீரபொம்முவின் குதிரை வாசலருகே வர மறுத்து நடுங்கியது. அவர் இறங்கி உள்ளே சென்றார்.

உச்சி வெயிலில் அம்மையார் தரையில் அமர்ந்து கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாய்கள். தாம் ஓட்டிவந்தவற்றைவிட அதிகமாக இருப்பதை வீரபொம்மு கண்டார். பாதி நாய்களுக்கு நிழல் விழவில்லை. அவற்றில் ஒன்று திரும்பி அவரைப் பார்த்தது. கருவாலி. அதன் முதுகில் அவர் அள்ளிப்போட்ட மண் இன்னும் ஒட்டியிருந்தது.

அப்போது கருவறை இருளிலிருந்து திருநீறு பூசிய கை ஒன்று நீண்டு, அம்மையாரிடம் கூழ் கேட்டது. அவர் ஓர் உருண்டையை அதில் வைத்தார். இருள் பேசியது.

"அம்மா, என் பிள்ளைகளில் இருப்பது எது, இறந்தது எது என்று நீ பிரிக்கவில்லை. இனி என் அருகிலிருந்து ஊட்டு."

அம்மையார் எழுந்தார். உயிரோடிருந்த நாய்களைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"வாரேன் சாமி. ஆனா இதுகளுக்கு ஆரு ஊத்துவா?"

வீரபொம்மு தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்து மண்டியிட்டார்.

"நான் ஊத்துறேன், தாயி."

அம்மையார் கூழ்ச்சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு இருளுக்குள் நடந்தார். நிழலில்லாத நாய்கள் ஒவ்வொன்றாய் அவர்பின் சென்றன. கடைசியாகக் கருவாலியும் போயிற்று. வீரபொம்மு கூழை எடுத்து நீட்டினார். ஒரு கன்னி நாய் அவர் கையை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு உண்டது.

பசித்த வாய் எதுவென்று மட்டுமே பார்த்த குருவம்மையாரின் அடிகள் நம்மைக் காக்கட்டும்.