செப்புப் பெட்டியும் எட்டு மாத யானைச் சவாரியும்

வேங்கைமலைச் சீமையை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், கிடைக்காது. அங்கே ஒரு மழைத்துளி விழுந்தால் ஒரு குடம் நிறையும். அரசர் சேதிராயர் சிரித்தால் அடுத்த ஊரில் மாடு மிரளும். அப்படிப்பட்ட சீமை.

அங்கே மாதாமாதம் பௌர்ணமியன்று காலையில் ஒரு கலைப் பந்தயம் நடக்கும். அரசர் ஒரு பொருளை ஓலையில் எழுதி, செப்புப் பெட்டியில் வைத்து, தம் முத்திரையைக் குத்திவிடுவார். மணி அடித்ததும் பெட்டியைத் திறந்து படிப்பார்கள். அந்தப் பொருளைப் பற்றிப் பாடுகிறவர் பாடலாம், வரைகிறவர் வரையலாம், பானை வனைகிறவர் வனையலாம். பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு மாதம் அரண்மனை யானை.

எட்டு மாதமாக யானை ஒரே வீட்டு வாசலில்தான் நின்றது. ஆஸ்தானப் புலவர் சந்தானகவி வீட்டில். மணியின் ஓசை அடங்கும் முன்பே நூறு பாட்டுப் பாடிவிடுவார் மனிதர். கத்தரிக்காய் வாங்கக்கூட யானை மேல்தான் போனார்.

ஒன்பதாவது மாதம் குயத்தி பூவாயி சபைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு மண் மயில். கழுத்து தொங்கிப்போய் வாத்து மாதிரி இருந்தது.

"ராசா, போன மாசம் மயிலுன்னீங்க. பச்சை மண்ணு காயவே நாலு நாள் ஆகும். பொழுது சாயறதுக்குள்ள நான் சூரியனைக் கடன் வாங்கியா காயவைக்க முடியும்? என்ன பொருள்னு முன்னாடியே தண்டோரா போட்டுடுங்க சாமி."

சந்தானகவி துள்ளி எழுந்தார். "கூடாது மகாராஜா! முன்கூட்டிச் சொன்னால் அது கலையா? சமையல்! பொருளைக் கேட்ட நொடியில் நெஞ்சில் தீப்பிடிக்க வேண்டும். எனக்குப் பிடிக்கிறதே!"

"உமக்கு முந்தாநாளே பிடித்துவிடுகிறது புலவரே. புகை எங்கள் தெருவரை வந்தது" என்றார் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உலகளந்தார். அரசருக்கு வேடிக்கை பேசியே சம்பளம் வாங்கும் ஆள். வாய் முந்திவிட்டது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அரசர் புருவத்தைத் தூக்கினார். "ரகசியம் கசிகிறது என்கிறீரா? ஓலையில் எழுதுவது நான். முத்திரை குத்துவது நான். வேறு ஈ, எறும்புக்குத் தெரியாது. அப்படியானால் கசியவிடுவது யார்?"

யார் என்பது அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர்தான் கேட்கிறார்.

"அடுத்த பௌர்ணமிக்குள் நிரூபியும். இல்லையென்றால் ஒருபக்க மீசையை மழித்துக் கழுதை மேல் ஏற்றி ஊரைச் சுற்றவைப்பேன்!"

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு வரம். இந்தத் தடவை பெட்டியைத் திறந்து ஓலையைப் படிப்பது நானாக இருக்கட்டும்."

"ஆகட்டும்."

அந்த மாதம் முழுக்க உலகளந்தார் எதுவும் செய்யவில்லை. மீசையை மட்டும் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார், இருக்கும்வரை அனுபவிப்போம் என்று.

பௌர்ணமி வந்தது. ஊரே மண்டபத்தில் கூடியது. மணி அடித்தது. உலகளந்தார் முத்திரையை உடைத்து, ஓலையை எடுத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"இந்த மாதப் பொருள், தாமரை!"

அரசர் ஆசனத்தில் நெளிந்தார். என்னடா இது, நாம் எழுதியது வேறாயிற்றே என்று வாயைத் திறக்கப் போனார். அதற்குள் சந்தானகவி முந்திக்கொண்டார். நூறு பாட்டு நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த மனிதனால் பொறுக்க முடியும்?

"தாமரையா? உமக்குக் கண் அவிந்துவிட்டதா ஐயா? நன்றாகப் பாரும்! கழுதை என்று இருக்கும்!"

"அட, ஆமாம்!" உலகளந்தார் ஓலையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். "கழுதைதான். ஒரு மாதமாக மகாராஜாவுக்கு என் ஊர்வல நினைப்பு போலிருக்கிறது. அது சரி, இருபது அடி தள்ளி நிற்கிற உமக்கு எப்படிப் புலவரே தெரிந்தது?"

சந்தானகவிக்கு வேர்த்துக் கொட்டியது. "மகாராஜாதான்... முந்தாநாள் சொக்கட்டான் ஆடும்போது... என் கடைசிக் காயை வெட்டினீர்களே, அந்தச் சந்தோஷத்தில் தங்கள் திருவாயால்..."

"நானா?" என்றார் அரசர். பிறகு யோசித்தார். எட்டு மாதமும் பௌர்ணமிக்கு முந்தாநாள் சொக்கட்டானில் தாமே ஜெயித்தது ஞாபகம் வந்தது. முகம் சிவந்தது. கை வாளின் பிடிக்குப் போனது. யாருடைய தலைக்கு என்பதுதான் தெரியவில்லை.

உலகளந்தார் சட்டென்று கும்பிட்டார். "மகாராஜா எதையும் கசியவிடவில்லை. முன்கூட்டியே அறிவித்துத்தான் வந்திருக்கிறீர்கள். என்ன, ஒரு வீட்டுக்கு மட்டும் அறிவித்தீர்கள். பூவாயி கேட்பது அதையேதான். மற்ற வீடுகளுக்கும் சொல்லச் சொல்கிறாள்."

அரசர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அடுத்த ஊரில் ஏழு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. "போடு தண்டோரா! இனிப் பதினைந்து நாள் முன்பே ஊருக்குச் சொல்லிவிடு. இன்றைய பந்தயம் ரத்து. புலவரே, யானையை இறக்கிவிடும்... இல்லை, நீர் இறங்கும்!"

அடுத்த பௌர்ணமிக்கும் பொருள் கழுதையே என்று தண்டோரா போட்டார்கள்; பூவாயியின் சுட்ட மண் கழுதை ஜெயித்தது. அது பல்லைக் காட்டிச் சிரித்த சிரிப்பு யாரையோ ஞாபகப்படுத்துகிறது என்று ஊர் பேசிக்கொண்டது. சந்தானகவி மட்டும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று அரசர் உலகளந்தாரைத் தனியே அழைத்தார். "நாளைக்கு உமக்கு ஒரு பரிசு. என்னவென்று சொல்ல மாட்டேன். பரம ரகசியம். இந்தத் தடவை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது!"

உலகளந்தார் வீட்டுக்கு நடந்தார். முதல் வாசல் காவலன் பல்லை இளித்தான். இரண்டாம் வாசலில் சமையற்காரர் கொள்ளு மூட்டை விலை சொன்னார். தெருமுனையில் புல்லுக்கட்டுக்காரி, "தினம் எத்தனை கட்டு வேணும் சாமி?" என்றாள்.

வீட்டு வாசலில் அவர் மனைவி நாச்சியார் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளைக் குதிரையாம்" என்றாள் நிமிராமலே. "நாளைக்குச் சபையில பார்த்ததும் ஆச்சரியப்பட மறந்துடாதீங்க."