வாய் திறக்காமல் வலம் வந்தவன்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று சொன்னால் அங்குள்ள பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அந்த நாட்டு ராஜா கோதண்டபூபதி ஒருநாள் காலையில் பம்பரம் பார்த்துவிட்டார். அன்று சபையில் வேறு பேச்சே இல்லை. பம்பரம் சுழல்கிறது, செக்குமாடு சுற்றுகிறது, தேங்காய் உருள்கிறது. மூன்றும் ஒன்றா, வேறா என்று கேட்டார்.

ஆஸ்தான பண்டிதர் தாண்டவராயர் எழுந்தார். மூன்றும் வட்டம்தான், ஆகவே மூன்றும் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னார். சபை முழுவதும் தலையாட்டியது. விகடன் அம்பலம் மட்டும், வேறு வேறு என்றான்.

அம்பலத்துக்குச் சபையில் ஆசனம் கிடையாது. தூணோரம் கால் கடுக்க நின்றுதான் இத்தனை வருஷமும் ராஜாவைச் சிரிக்க வைத்தான். அவனுக்கும் ஓர் ஆசனம் போடலாமா என்று ராஜா யோசிப்பது தெரிந்ததிலிருந்து பண்டிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"வேறு என்றால் இன்று மாலைக்குள் நிரூபிக்கட்டும், மகாராஜா. ஆனால் வாய் திறக்கக் கூடாது. தோற்றால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று, சம்மதித்துவிட்டார். அம்பலத்திடம் இருந்த ஒரே சொத்து வாய். அதையும் பூட்டிவிட்டார்கள்.

மாலையில் ராஜாவும் சபையும் அம்மன் கோயிலுக்குப் போனார்கள். அங்கே சிலர் பிராகாரத்தைச் சுற்றி வந்தார்கள். சிலர் சந்நிதியில் நின்ற இடத்திலேயே சுழன்று கும்பிட்டார்கள். ஒருவர் ஈரத்துணியோடு தரையில் உருண்டு வந்தார். மூன்றும் வலம்தான். அதைக் கண்டதும் அம்பலத்துக்கு உயிர் வந்தது.

ஓடிப்போய்க் குளத்தில் முங்கினான். சொட்டச் சொட்டப் பிராகாரத்தைச் சுற்றினான். சந்நிதியில் குடுமி பறக்கச் சுழன்றான். தூண்களெல்லாம் அவனோடு கும்மியடித்தன. பிறகு தரையில் விழுந்து கடகடவென்று உருண்டு, பண்டிதர் காலடியில் வந்து கிடந்தான். படுத்தபடியே பக்கத்தில் தரையைத் தட்டி, வாருங்கள் என்று கைகூப்பினான்.

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. "பண்டிதரே, உம்மையும் வலம் வரக் கூப்பிடுகிறான். மூன்றும் ஒன்றுதானே, எதை வேண்டுமானாலும் செய்யும்."

பண்டிதர் தம் புதுப் பட்டைப் பார்த்தார், ஈரத்தரையைப் பார்த்தார், தொந்தியைத் தடவிக்கொண்டார். "அடியேன் நடந்தே சுற்றிவிடுகிறேன்" என்று அவசரமாகக் கிளம்பினார்.

"ஒன்றுதான் என்றால் ஏனய்யா பொறுக்கி எடுக்கிறீர்?" என்று ராஜா மடக்கினார்.

பண்டிதர் எடுத்த கால் எடுத்தபடி நின்றார். ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். சிரித்த குஷியில் தாமும் ஒரு சுழற்சி சுழன்று, தடுமாறி, பண்டிதரையே பிடித்துக்கொண்டார்.

"ஜெயித்துவிட்டாய், அம்பலம். இனி வாயைத் திற. என்ன வேண்டும், கேள்."

அம்பலம் எழுந்தான். அவன் கண்ணில் கோபுரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"உட்கார ஓர் இடம், மகாராஜா. கொஞ்சம் சீக்கிரம் கொடுங்கள், விழுந்துவிடுவேன்."

ராஜா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்குமுன்பே, தம் சிங்காதனத்துக்குப் பக்கத்தில் அம்பலத்துக்கு ஆசனம் போட உத்தரவு போட்டார்.