பிழைகள் பகுதியில் ஒரு பெயர்

"நம்ம கணினிக்குள்ள ஒரு திருடன் இருக்கான் டீச்சர்" என்றார் தணிகாசலம்.

அமலோற்பவம் நிமிரவில்லை. "எதைத் திருடினான்?"

"ஒண்ணையும் திருடல. என் நிரலுக்குள்ள புகுந்து கொடி ஏத்திட்டுப் போயிருக்கான்."

"அப்ப திருடன் இல்ல."

"சரி. எவனோ ஒருத்தன்."

"எவனோன்னு சொல்றப்ப உங்க கண்ணு ஏன் ஜன்னல் பக்கம் போகுது?"

ஜன்னல் ஓரத்து மேசையில் இன்பசேகர் உட்கார்ந்திருந்தான். காதில் பாட்டு. எதுவும் கேட்கவில்லை அவனுக்கு.

அந்த நிறுவனம் தமிழிலேயே இயங்கும் ஓர் இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கையேடு எழுதும் குழுவுக்கு அமலோற்பவம் தலைவி. தணிகாசலத்தைவிட வயதில் மிகவும் இளையவர். டீச்சர் என்ற பெயரைக் கிண்டலாக வைத்தார்கள். வைத்தவர்களே சந்தேகம் கேட்க வந்து நின்றார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

தணிகாசலம் ஒரு நாளிதழில் நெடுங்காலம் பிழை திருத்தியவர். நாளிதழ் பிழைகளை வைத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டது. இங்கே ஒப்பந்த வேலை. எந்த வரியைப் பார்த்தாலும் இதில் தப்புச் செய்தவன் யார் என்று தேடும் கண் அவருக்கு.

அவருக்குக் கொடுத்த பக்கம், கணினிக்குள் கணக்குப் போடும் சில்லான செயலியின் புள்ளி எண் கட்டுப்பாடுகளைப் பற்றியது.

புள்ளி வைத்த எண்களைக் கணக்கிடும்போது பெரும்பாலும் ஒரு வால் மிஞ்சும். அந்த வாலை மேலே தள்ளு, கீழே தள்ளு, பக்கத்து எண்ணில் சேர் என்று செயலிக்குச் சொல்லி வைக்கலாம். கணக்கு சரியாக விழாதபோது வேலையை நிறுத்திக் கத்து என்றும் சொல்லலாம். கத்தாதே, கொடி என்கிற ஓர் அடையாளத்தை மட்டும் ஏற்றிவிட்டு வேலையைப் பார் என்றும் சொல்லலாம்.

யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் செயலி கத்தாது. எல்லா வேலைக்காரர்களையும் போலத்தான் அதையும் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் கொடி ஏறும். ஏறிய கொடி தானாக இறங்காது. யாராவது வந்து இறக்க வேண்டும்.

"நான் என்ன செஞ்சேன் தெரியுமா?" என்றார் தணிகாசலம். "முதல்ல எல்லாக் கொடியையும் இறக்கிட்டேன். அப்புறம் அரையும் அரையும் கூட்டினேன். ஒண்ணு. வாலே கிடையாது. ஆனா வால் வெட்டினா ஏறுற கொடி ஏறி நிக்குது."

"சரி."

"என்ன சரி? என் நிரல் வெட்டல. அப்ப வேற ஒரு நிரல் வெட்டினது எனக்குள்ள கசிஞ்சிருக்கு."

கணினியில் பல நிரல்கள் ஓடும். செயலி ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு இன்னொன்றைக் கவனிக்கும். அப்படி மாறும்போது, அவரவர் கொடியை அவரவரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவன் இன்பசேகர்.

"கொடியில அவன் பேர் இருந்துச்சா?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"கொடியில எப்படி டீச்சர் பேர் இருக்கும்? ஏறியிருக்கா இல்லையான்னுதான் தெரியும்."

"எப்ப ஏறிச்சுன்னு?"

"தெரியாது."

"யார் ஏத்தினான்னு?"

"அதுவும் தெரியாது."

"அப்ப பேர் எங்கிருந்து வந்துச்சு?"

தணிகாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேலாளர்கிட்ட காலையில பேச்சுவாக்குல சொன்னேன். அவர்தான் சொன்னார், அது இன்பசேகர் பகுதியாச்சேன்னு. பிழைகள் பகுதியில பேரோட எழுதுங்கன்னார். சாப்பாட்டுக்கு முன்னாடி பக்கம் வேணுமாம்."

அந்தக் கையேட்டில் ஒவ்வொரு பக்கமும் 'பிழைகள்' என்ற பகுதியோடுதான் முடியும். தெரிந்த கோளாறுகளை மறைக்காமல் அங்கே எழுதுவது அந்தத் தொழிலின் மரபு. அதில் யாருடைய பெயரையும் இதுவரை போட்டதில்லை.

"பேரோடன்னா சொன்னார்?"

"பேரோடதான்."

அமலோற்பவம் அப்போதுதான் நிமிர்ந்தார்.

கேன்டீனில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஏன் தனி வரிசை என்று போன மாதம் ஒருவன் கேட்டான். கேட்டதோடு நிற்காமல் அந்த வரிசையிலேயே போய் நின்றும் சாப்பிட்டான். அவன் இன்பசேகர். அன்றிலிருந்து அவன் எழுதியதையெல்லாம் மேலாளர் ஆசையோடு படிக்க ஆரம்பித்தார்.

ஒருவனை வெளியே அனுப்ப மேலிடத்துக்குக் காரணம் தேவையில்லை. ஆனால் அவனோடு வேலை செய்கிறவனே கையால் எழுதிக் கொடுத்தால், வேண்டாம் என்றும் சொல்லாது.

இது தணிகாசலத்துக்கும் தெரியும். அந்த வரிசையில் நின்று சாப்பிடுகிறவர்தான் அவரும்.

"நான் பொய் எழுதல டீச்சர்" என்றார். "கொடி ஏறியிருக்கு. நீங்களே வந்து பாருங்க."

"எனக்குப் பார்க்க வேணாம். படிச்சுக் காட்டுங்க. ஒவ்வொரு வரியா."

தணிகாசலம் திரையைப் பார்த்து, அச்சுக்கு அனுப்பும் முன் படிப்பவரின் குரலில் படித்தார்.

"கொடிகளை இறக்கு. அரையும் அரையும் கூட்டு. நிரல் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்று அச்சிடு. கொடியைப் பார். அவ்வளவுதான்."

"நொடிக் கணக்கை யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. நானா முதல்லயே சேர்த்தேன். ஏதாவது கொடி ஏறினா எந்த நேரத்துலன்னு சாட்சி வேணும்ல. நாளைக்கு ஏத்தினவன் இல்லைன்னு சாதிச்சா?"

"சாதிப்பானா?"

"சாதிக்காம? மாட்டினவன் எவன் டீச்சர் ஆமாம்னு சொல்லியிருக்கான்?"

அமலோற்பவம் எழுந்து அவர் மேசைக்கு வந்தார். திரையில் மூன்றாவது வரியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

தணிகாசலம் சிரித்துவிட்டார். "கையை வச்சு மறைச்சா வரி போயிடுமா?"

"போகாது. நீங்கதான் எடுக்கணும்."

"சாட்சியை எடுக்கச் சொல்றீங்க."

"ஆமாம்."

"அவனைக் காப்பாத்தப் பாக்கறீங்க."

"இருக்கலாம். எடுத்துட்டு ஓட்டுங்க."

அவர் அந்த வரியை எடுத்தார். நிரலை ஓட்டினார்.

கொடி ஏறவில்லை.

திரையைச் சாய்வாகப் பார்த்தார். இன்பசேகர் பக்கம் திரும்பினார். அவன் விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். மறுபடி ஓட்டினார். ஏறவில்லை.

வரியைத் திரும்பச் சேர்த்தார். ஏறியது.

எடுத்தார். இறங்கியே இருந்தது.

"நொடி" என்றார் தணிகாசலம், தனக்குத்தானே. "முழு நொடியா இருக்காதே அது. புள்ளி வச்ச எண்ணு. அதை எழுத்தா மாத்தி அச்சிடணும்னா பத்தால பெருக்கணும், வகுக்கணும். ஒவ்வொரு தடவையும் வால்..."

அந்த வரியைச் சேர்த்தவர் அவரேதான்.

அமலோற்பவம் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

தணிகாசலம் இருந்த இடத்திலிருந்தே கேட்டார். "அப்ப கசிவு இல்லைன்னு சொல்றீங்களா?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"அவன் எழுதினது சுத்தம்னு?"

"அவன் எழுதினதை நான் முழுசாப் படிக்கல."

"அப்ப சந்தேகப்படலாம்."

"படுங்களேன். சந்தேகப்பட வேணாம்னு நான் யாருக்கும் சொன்னதில்ல."

கதவு திறந்தது. மேலாளர் வந்தார். சிரித்த முகம். வேலை நீக்கக் கடிதத்தையும் அதே முகத்தோடுதான் கொடுப்பார்.

"என்ன சார், பக்கம் ரெடியா?"

"ஒரு சின்னச் சங்கதி" என்றார் தணிகாசலம். "காலையில நான் சொன்னது..."

"கொடி ஏறியிருந்துச்சுன்னு சொன்னீங்க. ஏறியிருந்துச்சா இல்லையா?"

"ஏறியிருந்துச்சு."

"அப்ப அதை அப்படியே எழுதுங்க. 'சோதனையின்போது கொடி ஏறியிருந்தது.' பொய் ஒண்ணும் இல்லையே. அடுத்த வரியில, அந்தப் பகுதியை எழுதினவர் இன்னார். அதுவும் பொய் இல்ல. ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறவங்க படிச்சுக்கட்டும்."

தணிகாசலம் வாழ்நாள் முழுவதும் பொய்யான வரிகளைத் திருத்தியவர். இரண்டு உண்மையான வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவன் கழுத்தை அறுக்கலாம் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"உங்க ஒப்பந்தமும் அடுத்த வாரம் மேசைக்கு வருது" என்றார் மேலாளர். "நல்லபடியா முடிச்சுக் கொடுங்க. சும்மா ஞாபகப்படுத்தினேன்."

சும்மா ஞாபகப்படுத்துவதற்கென்று எந்த மேலாளரும் மாடி ஏறி வருவதில்லை.

தணிகாசலம் அமலோற்பவத்தைப் பார்த்தார். அவர் வேறு ஒரு பக்கத்தில் காற்புள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது.

விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். மெதுவாகத் தட்டினார். தட்டி முடித்ததும் ஒருமுறை பிழை பார்த்தார். பிறகு திரையை மேலாளர் பக்கம் திருப்பினார்.

மேலாளர் குனிந்து படித்தார்.

"பிழைகள். கொடியைப் பார்ப்பதற்கு முன் எதையும் அச்சிடாதீர்கள். புள்ளி எண்ணை அச்சிடும் வேலையே கொடியை ஏற்றிவிடும். பிறர் ஏற்றியதாகத் தோன்றும். இந்தப் பக்கத்தைச் சோதித்தபோது கொடியை ஏற்றியவர்: தணிகாசலம்."

ஜன்னல் ஓரத்தில் தாளம் நின்றது. இன்பசேகர் காதிலிருந்ததை எடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் பார்த்தான்.

மேலாளரின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"என்ன சார் இது. கையேட்டுல போய் யாராவது பேரெல்லாம் போடுவாங்களா?"

"காலையில நீங்கதானே சார் போடச் சொன்னீங்க."